அரளி இலையில் இலைத்துளை எங்கே?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்குப் போகிறேன். தோட்டத்துப் பூச்செடிகளை வைத்தே இலை, தண்டு இவற்றின் உள்ளமைப்பைப் படிக்க முயலும் ஒருவர் நான்கு இடங்களில் சிக்கியிருக்கிறார். நகப்பூச்சு தடவி உரித்துப் பார்த்தபோது அரளி இலையில், காற்றும் நீராவியும் போய்வரும் இலைத்துளை ஒன்றுகூடத் தெரியவில்லை. செம்பருத்தித் தண்டைச் சீவினால் வழவழத்துப் போகிறது, பாடநூல் படத்தில் உள்ளதுபோல, நீரும் உணவும் கடத்தும் திசுக்களின் தனித்தனிக் கற்றைகளும் இல்லை. காகிதப்பூத் தண்டில் கற்றைகள் சிதறிக் கிடப்பதால் அது புல், மக்காச்சோளம்போல ஒருவித்திலையோ என்று சந்தேகம். தண்ணீரில் வைத்த அரளிக் குச்சியில் வெள்ளை வெள்ளையாகப் புடைத்திருக்கிறது, அது வேரா என்று தெரியவில்லை. "எங்கே தவறு செய்கிறேன்?" என்று கேட்டிருக்கிறார்.

எங்கும் தவறு செய்யவில்லை. நான்கையும் சரியாகவே பார்த்திருக்கிறீர்கள். மனதில் முன்கூட்டியே பதிந்துபோன படம்தான் குழப்புகிறது. இருவித்திலைத் தண்டு என்றால் பாடநூல்களில் பெரும்பாலும் சூரியகாந்தியின் இளந்தண்டைத்தான் வரைந்திருப்பார்கள். வெளியே புறத்தோல், அதன் கீழே கோலங்கைமா என்ற தாங்குதிசு, புறணி, வளையமாக அடுக்கிய தனித்தனி வாஸ்குலார் கற்றைகள் (கடத்தும் திசுக்கள்), நடுவில் பித் என்ற மென்திசு. அழகான படம். ஆனால் சூரியகாந்தி ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்துக் காய்ந்துவிடும் செடி. நீங்கள் கையில் எடுத்திருப்பவை பல ஆண்டுகள் நின்று கட்டையாகும் புதர்கள். அதோடு ஒவ்வொன்றும் ஒவ்வொரு குடும்பம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனி உள்ளமைப்பு வழக்கம் உண்டு. சூரியகாந்தியை அளவுகோலாக வைத்தால் இவை எல்லாமே பிழைபோலத்தான் தெரியும்.

செம்பருத்தியில் தொடங்குகிறேன், ஏனென்றால் நான்கில் அதுதான் எளிது. அந்த வழவழப்பு மியூசிலேஜ் என்ற கோழைப்பொருள். செம்பருத்தி சேர்ந்த மால்வேசி குடும்பத்தில் இலை, தண்டின் புறணி, பித் எங்கும் கோழை நிறைந்த செல்கள் இருக்கும். பிளேடு பட்டவுடன் அவை உடைந்து, தண்ணீர் பட்டதும் பல மடங்கு உப்பும். மெல்லிய சீவல் மடங்கி ஸ்லைடில் ஒட்டிக்கொள்வது அதனால்தான். இதற்கு வழி சுலபம். தண்டுத் துண்டுகளை 70 விழுக்காடு ஆல்கஹாலில் ஓரிரு நாள் போட்டுவையுங்கள். ஆல்கஹாலில் கோழை இறுகிவிடும். சீவும்போதும் பிளேடைத் தண்ணீருக்குப் பதிலாக ஆல்கஹாலில் நனைத்துக்கொள்ளுங்கள். சாயமேற்றும் நேரத்தில் மட்டும் தண்ணீர் பட்டால் போதும்.

தனித்தனிக் கற்றைகள் தெரியாததற்குக் காரணம், நீங்கள் வெட்டிய இடத்தின் வயது. கிளை நுனியிலிருந்து ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள், இலைகள் இன்னும் முழுசாக விரியாத பகுதியில் சீவிப் பாருங்கள். அங்கே கற்றைகள் பிரிந்தே இருக்கும். சற்றுக் கீழே வந்தால் கற்றைக்குள் இருக்கும் கேம்பியமும் (புதுச் செல்களைப் பிரித்துத் தரும் அடுக்கு) கற்றைகளுக்கு நடுவே புதிதாக உருவாகும் கேம்பியமும் கைகோத்து முழு வளையமாகிவிடும். அதன்பின் உள்பக்கம் நீர் கடத்தும் சைலம் தொடர்ச்சியான உருளையாக, வெளிப்பக்கம் உணவு கடத்தும் ஃப்ளோயம். புதர்ச்செடிகளில் இது மிகச் சீக்கிரம் நடந்துவிடுவதால், கையில் பிடித்துச் சீவ வசதியான தடிமன் வருவதற்குள் சூரியகாந்திப் படம் மறைந்துபோயிருக்கும்.

ஆனால் அந்த ஃப்ளோயத்தை அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள். செம்பருத்தித் தண்டில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். சாஃப்ரானின் என்ற சிவப்புச் சாயமிட்ட வெட்டில், கேம்பியத்தின் மேல் அகன்ற அடியும் வெளியே குறுகிய நுனியுமாக முக்கோணங்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு முக்கோணத்துக்குள்ளும் சிவப்பு வரி, நிறமற்ற வரி, மீண்டும் சிவப்பு வரி என்று மாறி மாறி வரும். சிவப்பு வரிகள், கட்டைக்கு உறுதி தரும் லிக்னின் ஏறிய நார்கள். நடுவில் உள்ளவை உணவு கடத்தும் மெல்லிய செல்கள். முக்கோணங்களுக்கு இடைப்பட்ட பகுதி தலைகீழாக, வெளியே போகப் போகப் புனல்போல விரியும். தண்டு தடிக்கும்போது உள்ளே சேரும் கட்டை பட்டையை வெளியே தள்ளுகிறது. பட்டையின் சுற்றளவு கூடியே ஆகவேண்டும். நார்களால் விரிய முடியாது. ஆகவே முக்கோணங்களுக்கு இடைப்பட்ட கதிர்த்திசுவின் உயிருள்ள செல்கள் பிரிந்தும் அகன்றும் அந்த இடைவெளியை நிரப்புகின்றன. செம்பருத்திக் குச்சியை ஒடித்தால் பட்டை பட்டென்று அறுந்துவிடாமல் நாராக நீண்டு வருகிறதே, அதன் காரணம் இந்த வரிகள்தான். நாருக்காகவே பயிரிடப்படும் கெனாஃப் இதே ஹைபிஸ்கஸ் பேரினத்தைச் சேர்ந்தது என்பது இந்த வெட்டைப் பார்த்தவர்களுக்கு வியப்பாகவே இருக்காது.

போகிறபோக்கில் ஒன்று. புறணியிலும் பித்திலும் முள்ளுருண்டைபோல மின்னுபவை கால்சியம் ஆக்சலேட் படிகங்கள். அழுக்கென்று நினைத்து ஸ்லைடைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். போலராய்டு தாள் இரண்டு கிடைத்தால், ஒன்றை விளக்குக்கு மேலும் மற்றொன்றைக் கண்ணருகு வில்லைக்கு மேலும் வைத்து மேல்தாளைத் திருப்புங்கள். பின்னணி இருண்டு படிகங்கள் மட்டும் ஒளிரும்.

இனி அரளி. நகப்பூச்சு முறை எப்படி வேலை செய்கிறது என்று யோசித்தால் விடை பாதி கிடைத்துவிடும். பூச்சு இலையின் மேற்பரப்பை அச்செடுக்கிறது. இலைத்துளையைத் திறந்து மூடும் காப்பு செல்கள் மேற்பரப்பில் இருந்தால்தான் அச்சில் விழும். அரளியின் இலைத்துளைகள் மேற்பரப்பில் இல்லை. இலையின் அடிப்பக்கத்தில் சிறு சிறு குகைகள் இருக்கின்றன. இலைத்துளைகள் அந்தக் குகைகளுக்குள், சுவர்களில் இருக்கின்றன. ஒரு குகைக்குள் பல துளைகள். குகையின் உட்சுவரிலிருந்து மெல்லிய மயிர்கள் முளைத்து வாயை அடைத்ததுபோல நிற்கும். உங்கள் நகப்பூச்சு அந்த மயிர்களின் மேலேயே நின்றுவிட்டிருக்கும். அச்சில் வட்ட வட்டமான தெளிவற்ற குழிகள் தெரிந்திருந்தால், அவைதான் குகை வாய்கள். கைவில்லை இருந்தால் இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பாருங்கள், நரம்புகளுக்கு இடையே வெளிர் புள்ளிகளாகத் தெரியும்.

அரளி இலையை ஒருமுறையாவது குறுக்குவெட்டில் பார்த்துவிடுங்கள். இரண்டு தெர்மாகோல் துண்டுகளுக்கு நடுவே இலையைச் செருகி, தெர்மாகோலோடு சேர்த்துச் சீவினால் மெல்லியதாக வரும். மேலே க்யூட்டிக்கிள் என்ற தடித்த மெழுகுப் படலம். அதன் கீழே ஒரே அடுக்குப் புறத்தோலுக்குப் பதிலாக இரண்டு மூன்று அடுக்குச் செல்கள், பசுங்கணிகம் இல்லாமல் கண்ணாடிபோல. அதற்குக் கீழே நெருக்கமாக நிற்கும், ஒளிச்சேர்க்கை செய்யும் நீண்ட பாலிசேடு செல்கள். நடுவில் காற்றிடைவெளிகளோடு ஸ்பாஞ்சி திசு. பிறகு அடிப்பக்கத்திலும் ஒரு பாலிசேடு அடுக்கு. பாடநூலின் இலைப் படத்தோடு ஒப்பிட்டவர்கள் இங்கே இலையைத் தலைகீழாக வைத்துவிட்டோமோ என்று தடுமாறுவார்கள். குகைகள் இருக்கும் பக்கம் அடிப்பக்கம் என்று நினைவில் வைத்தால் குழப்பம் வராது.

இந்தக் குகைகள் எதற்கு? நீராவி இழப்பைக் குறைக்க என்பதுதான் வழக்கமான விடை. காற்று நேரடியாக வீசாத குழியில் ஈரப்பதம் தங்கும், துளைக்கு வெளியே உள்ள காற்று வறண்டுபோகாது, அதனால் இழப்பு குறையும் என்பது வாதம். இதில் உண்மை இருக்கிறது, ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. அரளி இயல்பாக வளரும் இடங்களைப் பாருங்கள். மத்தியதரைக் கடலோரம் தொடங்கி ஆசியா வரை ஓடைக்கரைகளிலும் வெள்ளம் வடிந்த கூழாங்கல் படுகைகளிலும் வளரும் செடி அது. வேருக்குப் பெரும்பாலும் ஈரம் கிடைக்கும். தலைக்கு மேலேதான் சூடான வறண்ட காற்று. மேலும் அரளி இலை தடிமனானது, மேலே துளையே கிடையாது. அடிப்பக்கத்தில் நுழையும் கார்பன் டை ஆக்சைடு மேல் பாலிசேடு வரை நெடுந்தூரம் பரவியாக வேண்டும். குகை இலையின் உட்புறம் வரை புகுந்திருப்பதால் அந்தத் தூரம் குறைகிறது. இதேபோன்ற குகைகள் கொண்ட ஆஸ்திரேலியப் பேங்க்சியாச் செடிகளில் செய்த ஆய்வுகள் இந்த இரண்டாவது விளக்கத்துக்கு வலுச் சேர்த்திருக்கின்றன. ஆகவே தேர்வில் "நீரிழப்பைத் தடுக்க" என்று ஒரே வரியில் முடித்தாலும், மனதில் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க நந்தியாவட்டையை எடுங்கள். அதே அப்போசைனேசி குடும்பம். அதன் இலையடியில் குகைகள் கிடையாது, நகப்பூச்சு முறை நன்றாகவே வேலை செய்யும். துளைகளைக் கண்டுபிடித்ததும் காப்பு செல்களை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், சுற்றியுள்ள செல்களையும் கவனியுங்கள். காப்பு செல்களுக்கு இணையாக இருபக்கமும் ஒவ்வொரு துணை செல் படுத்திருந்தால் அது பாராசைட்டிக் வகை. வெட்சியில், அதாவது இக்சோராவில், இந்த வகையைத் தெளிவாகப் பார்க்கலாம். 1950ல் தாவர உள்ளமைப்பு ஆய்வாளர்களான மெட்காஃபும் சாக்கும் இன்றைய பெயர்களை வைக்கும்வரை இந்த வகைக்கு வெட்சியின் ருபியேசி குடும்பப் பெயரையே வைத்து அழைத்தார்கள்.

அரளித் தண்டும் ஒரு விஷயத்தில் படத்தை மீறும். வெளியே ஃப்ளோயம், உள்ளே சைலம் என்று படித்திருப்பீர்கள். அரளியில் சைலத்துக்கு உள்பக்கம், பித்தின் ஓரமாக, மறுபடியும் ஃப்ளோயம் சிறு சிறு திட்டுகளாக இருக்கும். இருபக்க ஒருங்கமைந்த கற்றை என்று பூசணிக் குடும்பத்துக்குச் சொல்லிக்கொடுப்பார்களே, ஏறத்தாழ அந்த ஏற்பாடு. இதை நினைவில் வையுங்கள், பட்டையை வளையமாக உரிப்பதைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும். புறணியிலும் பித்திலும் பால்குழாய்கள் ஓடுகின்றன. நந்தியாவட்டையில் பால் பளிச்சென்று வெள்ளையாக வரும். அரளியில் நீர்த்ததுபோல வரும். அரளிச் சாறு விஷம் என்பதை மறக்கவே கூடாது. ஓலியாண்ட்ரின் போன்ற, இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைடுகள் இலையிலும் தண்டிலும் உள்ளன. கையுறை போட்டுச் சீவுங்கள், பிளேடையும் மேசையையும் கழுவுங்கள், சாறு பட்ட கையைக் கண்ணுக்கோ வாய்க்கோ கொண்டுபோகாதீர்கள். சிறுவர்கள் பக்கத்தில் இருக்கும்போது இந்தச் செடியை வெட்டவே வேண்டாம்.

காகிதப்பூவுக்கு வருகிறேன். ஒருவித்திலையோ என்று சந்தேகப்பட்டது நல்ல கவனிப்பு. அது இருவித்திலைத் தாவரம்தான். இலையின் வலைப்பின்னல் நரம்புகளே முதல் சாட்சி. அப்படியென்றால் கற்றைகள் ஏன் சிதறின? இளந்தண்டின் பித்துக்குள்ளேயே சில பெரிய கற்றைகளும், அவற்றைச் சுற்றி ஓரமாகச் சிறிய கற்றைகள் பலவும் இருப்பது நிக்டாஜினேசி குடும்பத்தின் வழக்கம். தண்டு முதிரும்போது வேடிக்கை இன்னும் கூடுகிறது. செம்பருத்தியில் ஒரே கேம்பியம் ஆயுள் முழுதும் உள்ளே கட்டையும் வெளியே ஃப்ளோயமும் தந்துகொண்டே இருக்கும் என்று பார்த்தோம். காகிதப்பூவில் கற்றைகளுக்கு வெளியே ஒரு கேம்பியம் தோன்றுகிறது, சிறிது காலம் வேலை செய்கிறது, பிறகு அதற்கும் வெளியே இன்னொன்று தோன்றுகிறது. இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வருவதால், முன்னது உண்டாக்கிய ஃப்ளோயம் பின்னது உண்டாக்கிய கட்டைக்குள் சிக்கிக்கொள்கிறது. முதிர்ந்த தண்டின் வெட்டில் கெட்டியான சிவப்புக் கட்டை நடுவே நிறமற்ற சிறு தீவுகளாகத் தெரிபவை அவைதான். இதற்கு இயல்புமீறிய இரண்டாம் நிலை வளர்ச்சி என்று பெயர். அந்தப் பெயர் எனக்கு அவ்வளவு பிடிக்காது. அந்தச் செடிக்கு அதுதான் இயல்பு.

ஒருவித்திலையிலிருந்து பிரித்தறிய ஒரு சோதனை போதும். புல்லின் தண்டையோ மக்காச்சோளத் தண்டையோ எடுத்தால் கற்றைகளுக்குள் கேம்பியம் இராது, தண்டு முதிர்ந்தாலும் கட்டை வளையம் சேராது. காகிதப்பூவில் அடித்தண்டு ஆண்டுக்கு ஆண்டு தடிப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். டிரசினா போன்ற சில ஒருவித்திலைகளும் தடிக்கும் என்பது உண்மை. ஆனால் அங்கே புதிதாகச் சேரும் ஒவ்வொரு கற்றையிலும் சைலம் ஃப்ளோயத்தைச் சுற்றி வளைத்திருக்கும், இலையில் நரம்புகள் இணையாக ஓடும்.

காகிதப்பூவின் நிறப்பகுதி இதழ் அல்ல, பூவடிச் செதில் என்று தெரிந்திருக்கும். அதுவும் ஓர் இலைதான் என்பதை வெட்டில் பார்க்கும்போதுதான் மனம் முழுசாக நம்பும். மூன்று செதில்கள், ஒவ்வொன்றின் நடுநரம்போடும் ஒட்டியபடி ஒரு சிறு குழாய்ப்பூ. நரம்புப் பின்னல் இலையைப்போலவே இருக்கும், ஆனால் உள்ளே பாலிசேடு என்று பிரித்துச் சொல்லும்படி எதுவும் இராது. ஒளிச்சேர்க்கை வேலையைக் கைவிட்ட இலை அது. நிறம் தருவது பீட்டாலெயின் குடும்ப நிறமி. செம்பருத்தி இதழில் இருக்கும் ஆந்தோசயனின் வேறு. இந்த இரண்டு நிறமிகளும் இயற்கையில் ஒரே செடியில் சேர்ந்து வந்ததாக இதுவரை கண்டதில்லை.

முள்ளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் காகிதப்பூ கையில் இருக்கும்போது இதைச் சொல்லாமல் விட மனமில்லை. தோட்டத்தில் முள் என்று ஒரே சொல்லால் சொல்வது உடலமைப்பில் குறைந்தது மூன்று வேறு வேறு உறுப்புகள். காகிதப்பூவின் முள் எங்கே முளைக்கிறது என்று பாருங்கள். இலைக்காம்புக்கு நேர்மேலே, கணுவில், கோண மொட்டு இருக்கவேண்டிய இடத்தில். அதே இடத்திலிருந்து சில கணுக்களில் பூங்கொத்து வரும், சில கணுக்களில் முள் வரும். அதாவது முள் ஒரு குறுகிய கிளை. குறுக்கே வெட்டினால் உள்ளே வாஸ்குலார் திசு தெரியும். ரோஜா முள்ளுக்கு அப்படி இடக்கட்டுப்பாடு எதுவும் கிடையாது. கணுவிடைப் பகுதியில், இலைக்காம்பின் அடியில், நினைத்த இடத்திலெல்லாம் வரும். பக்கவாட்டில் விரலால் தள்ளினால் சுத்தமாகக் கழன்றுவிடும், தழும்பில் குழாய்த் திசுவின் தடம் இருக்காது. புறத்தோலும் அதை ஒட்டிய ஓரிரு அடுக்குகளும் சேர்ந்து உண்டாக்கிய வெளிவளர்ச்சி அது. கிறிஸ்துமுள் எனப்படும் யூஃபோர்பியா மிலியில் இன்னொரு கதை. இலைத் தழும்பின் இருபுறமும் இணையாக முட்கள் நிற்கும். அவை இலையடிச் செதில்கள் உருமாறியவை. ஒரு முள்ளைப் பார்த்ததும் குத்திக்கொள்ளும் முன் "இது எங்கே முளைத்திருக்கிறது, உள்ளே குழாய் இருக்கிறதா" என்று இரண்டு கேள்வி கேட்டால் போதும். முள்ளைக் கிள்ளினால் என்ன ஆகும் என்பதும் அதிலிருந்தே விளங்கும். ரோஜாவில் முள்ளைக் கழற்றினால் மொட்டுக்கு ஒன்றும் ஆகாது. காகிதப்பூவில் முள்ளைக் கவனமின்றிப் பிய்த்தால் அதன் அடியில் உறங்கும் மொட்டும் சேர்ந்து போகக்கூடும்.

இலையைப் பற்றிப் பேசும்போது ஒன்றை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரே செடியின் இரண்டு இலைகள் உள்ளே ஒன்றுபோல இருக்கவேண்டும் என்றில்லை. புதரின் வெளிப்புறத்தில் நல்ல வெயில் படும் இலையையும், உள்ளே நிழலில் இருக்கும் இலையையும் எடுத்து ஒரே தெர்மாகோலில் அருகருகே வைத்துச் சீவிப் பாருங்கள். வெயில் இலை தடிமனாகவும், பாலிசேடு செல்கள் நீளமாகவோ கூடுதல் அடுக்காகவோ இருக்கும். ஒரு சதுர மில்லிமீட்டரில் உள்ள இலைத்துளைகளின் எண்ணிக்கையும் பொதுவாக வெயில் இலையில் கூடுதல். இந்த வேறுபாடு இலை மொட்டாக இருந்து விரியும் பருவத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. விரிந்து முடிந்த நிழல் இலை பிறகு வெயில் இலையாக மாறிவிடாது. நிழலில் வளர்த்த செடியைத் திடீரென்று முழு வெயிலில் வைத்தால் பழைய இலைகள் கருகி உதிர்வதும், சில வாரங்களில் வரும் புது இலைகள் நன்றாக நிற்பதும் இதனால்தான். செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். மொட்டுகளுக்கு நேரம் கொடுத்தால் போதும்.

கடைசிக் கேள்வி வேரைப் பற்றியது. அதற்குமுன் பதியத்தைப் புரிந்துகொள்வது நல்லது. கிளையில் ஒரு வளையம் அளவுக்குப் பட்டையை உரித்து, ஈரப்பாசி கட்டி வேர்விடச் செய்கிறோம். உரிக்கும்போது எடுபடுவது புறத்தோல், புறணி, ஃப்ளோயம், கேம்பியம் வரை. சைலம் அப்படியே நிற்கிறது. ஆகவே கீழிருந்து தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும், மேல் இலைகள் வாடாது. மேலிருந்து இறங்கும் சர்க்கரையும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனும் வெட்டின் மேல் உதட்டில் வந்து தேங்கும். அந்த உதடு தடிக்கும், அங்கிருந்து வேர் வரும். பட்டையை வளையமாக எடுத்தால் வெட்டுக்கு மேலே வீங்குகிறது என்பதை 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி செய்து பார்த்து எழுதியிருக்கிறார். கேம்பியத்தைச் சுரண்டாமல் விட்டுவிட்டால் அது புதுப் பட்டையை உண்டாக்கி வெட்டை மூடிவிடும். அதனால்தான் உரித்தபின் வழவழப்பு போகும்வரை கத்தி முதுகால் சுரண்டச் சொல்கிறார்கள்.

இப்போது நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அரளியில் பித்தோரம் உள் ஃப்ளோயம் இருந்தது. காகிதப்பூவில் கட்டைக்குள் ஃப்ளோயத் தீவுகள் இருந்தன. இரண்டிலும் பட்டையை முழு வளையமாக எடுத்தாலும் உணவுப் பாதை முற்றிலும் அறுபடுவதில்லை. அவற்றிலும் பதியம் வேர்விடும், ஆனால் "ஃப்ளோயம் முழுதும் போய்விட்டது" என்ற பாடநூல் வாக்கியம் அங்கே அப்படியே பொருந்தாது. செம்பருத்தியில் பொருந்தும்.

வெட்டிய குச்சியில் வேர் எங்கே பிறக்கிறது? பெரும்பாலான புதர்களில் கேம்பியத்துக்கு அருகே, ஃப்ளோயத்தின் கதிர்த்திசுவை ஒட்டிய உயிருள்ள செல்கள் மீண்டும் பிரியத் தொடங்கி வேர்முனையாகத் திரளும். சைலத்தோடு குழாய் இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு, பிறகு புறணியைத் துளைத்து வெளியே வரும். சில செடிகளில் ஃப்ளோயத்துக்கு வெளியே நார் வளையம் தொடர்ச்சியாக இருக்கும். அந்த வளையம்தான் வேரைத் தடுக்கிறது என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். வேர்முனை உண்மையிலேயே திரண்டுவிட்டால் அது நார்களின் இடைவெளியிலோ வெட்டு முனையிலோ வழி தேடிக்கொள்ளும். முதிர்ந்த குச்சி வேர்விடாததற்கு அநேகமாகக் காரணம், அந்தச் செல்கள் மீண்டும் பிரியும் திறனை இழந்துவிடுவதுதான். ஆகவே மிக முற்றிய கட்டையும் வேண்டாம், மிக இளசான நுனியும் வேண்டாம் என்ற தோட்டக்காரர்களின் வழக்கத்துக்கு உடலமைப்பும் துணை நிற்கிறது.

உங்கள் அரளிக் குச்சியின் வெள்ளைப் புடைப்புகளைப் பற்றி இப்போது சொல்லலாம். அவை தண்ணீருக்குள் மூழ்கிய பகுதியிலும் நீர்மட்டத்துக்குச் சற்று மேலும், குச்சியைச் சுற்றிச் சிதறலாக, பஞ்சுபோல மிருதுவாக இருந்தால், அவை வேர் அல்ல. பட்டைத்துளைகள் உப்பியிருக்கின்றன. தண்டு முதிரும்போது புறத்தோல் போய் அதனிடத்தில் கார்க் அடுக்கு வருகிறது. கார்க் காற்றை விடாது. ஆகவே இடையிடையே தளர்வான செல்கள் கொண்ட வாசல்கள், அவைதான் பட்டைத்துளைகள். காய்ந்த குச்சியில் அவை பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்து ஆக்சிஜன் குறையும்போது அந்தச் செல்கள் பெருகி உப்பி வெளியே பிதுங்கும். புடைப்பு ஒன்றைக் குறுக்கே சீவினால் உருண்டையான தளர்ந்த செல்கள் குவிந்திருப்பது தெரியும். உள்ளே குழாய்த் திசு இராது, சைலத்தோடு தொடர்பும் இராது.

வேர் வேறு விதமாக வரும். பட்டை முதலில் நீளவாக்கில் சற்றே வெடிக்கும். பிளவிலிருந்து கெட்டியான, கூர்மையான, மெழுகு நிற முனை ஒன்று எட்டிப் பார்க்கும், நாளுக்கு நாள் நீளும். விரல் நகத்தால் தொட்டால் புடைப்பு நசுங்கும், வேர்முனை வளைந்து கொடுக்கும். புடைப்புகள் கெடுதலும் அல்ல, குச்சிக்கு மூச்சு முட்டுகிறது என்ற செய்தி மட்டும்தான். தண்ணீர் மட்டத்தைக் குறைத்து, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதுத் தண்ணீர் மாற்றுங்கள். அடிக்கணுவை மட்டும் மூழ்கவிட்டால் போதும். குச்சியைத் தொட்ட கையையும் ஊற்றிய தண்ணீர் பட்ட இடத்தையும் கழுவிவிடுங்கள், அந்தத் தண்ணீரிலும் அரளிச் சாறு இறங்கியிருக்கும்.